கதவு காயும்வரை

அந்தத் தெருவில் வருஷத்துக்கு ஒரு நாள் எந்த வீட்டுக் கதவும் மூடியிருக்காது. மூட முடியாது, பெயிண்ட் ஈரமாக இருக்கும். வழக்கம் என்னவென்றால், உங்கள் கதவுக்கு எதிர்வீட்டுக்காரர் வண்ணம் அடிப்பார். அவர் கதவுக்கு நீங்கள் அடிப்பீர்கள். என்ன நிறம் என்று முன்கூட்டிக் கேட்கக் கூடாது, அடித்த பிறகு முகம் சுளிக்கக் கூடாது, அடுத்த வருஷம்வரை மாற்றவும் கூடாது. வருஷம் பூராவும் வம்பு பண்ணியவனைப் பழிவாங்க இதைவிடத் தோதான நாள் கிடையாது. சலூன்காரர் ஒருமுறை எதிர்வீட்டுத் தையல்காரரோடு மல்லுக்கட்டிவிட்டு, ஒரு வருஷம் முழுக்க ரோஸ் கதவில் மஞ்சள் பொட்டுகளோடு குடியிருந்தார். "இப்ப என் வீட்டுக்கு வழி கேட்கிறவனே இல்ல" என்று அதையும் பெருமையாக்கிக்கொண்டார், அது அவர் சுபாவம். பெயிண்ட் காயும்வரை கதவுகள் விரியத் திறந்திருக்கும். யார் வீட்டுக்குள் யார் வேண்டுமானாலும் போகலாம், கட்டிலில் சாயலாம், பானையைத் திறந்து பார்க்கலாம்.

இந்த வருஷம் சங்கடமே அங்கேதான் இருந்தது.

தெரு பிழைத்துவந்த மில் மூடிக் கிடந்தது. கூலி கேட்டுத் தொழிலாளிகள் வெளியே வந்தார்கள். உள்ளே வராதே என்று முதலாளி பெரிய பூட்டாகப் போட்டான். மாதங்கள் ஓடிவிட்டன. தெருக்கோடியில் சங்கத்தார் மூட்டிய பொது அடுப்பில் ஒரு வேளைச் சாப்பாடு கிடைத்தது. மற்ற வேளைக்கு வீட்டிலிருந்த சாமான்கள் ஒவ்வொன்றாக வெளியேறின. மின்விசிறி, பீரோ, கட்டில், கடைசியில் அண்டா குண்டா. எல்லாம் பின்சந்து வழியாகத்தான். நம் வீட்டு நிலைமை மட்டும்தான் இப்படி, மற்றவர்கள் எப்படியோ சமாளிக்கிறார்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் நினைத்துக்கொண்டார்கள். தெருப்பக்கக் கதவைச் சாத்தியே வைத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி வந்து கூப்பிட்டால் ஒருக்களித்துத் திறந்து, உடம்பால் மறைத்துக்கொண்டு பேசினார்கள்.

முடிச்சக்காவும் அப்படித்தான். மில்லில் அறுந்த நூலைப் பிடித்து முடிச்சுப் போடுகிற வேலை அவளுக்கு. அதனால் அந்தப் பெயர். புருஷன் பாய்லர்காரர், சங்கத்தில் முன்னால் நிற்கிற ஆள், சொன்ன சொல்லை மாற்றாதவர். மாற்றாதது நல்ல குணம் என்றுதான் அவளும் ரொம்ப நாள் நினைத்திருந்தாள்.

அவளுடைய கஷ்டம் பசி மட்டும் இல்லை. எதிர்வீடு. அது மில் மேஸ்திரியின் வீடு. எல்லோரும் வெளியே நின்றபோது அந்த மனுஷன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு மில்லுக்குள் போனார். கருங்காலி என்று தெருவே காறித் துப்பியது. அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லை, கொடுக்கல் வாங்கல் இல்லை, பொது அடுப்பில் தட்டு இல்லை என்று முடிவானது. முடிவைச் சத்தமாகப் படித்தவர் பாய்லர்காரர். பிறகு பூட்டுப் போட்டபோது முதலாளி மேஸ்திரியையும் சேர்த்துத்தான் வெளியே தள்ளினான். ஆனாலும் முடிவு முடிவுதான். மேஸ்திரியின் ஒரே மகள் ஒருநாள் கிண்ணத்தோடு வந்து வரிசையில் நின்றாள். அவள் முறை வந்ததும் கரண்டி அடுத்த தட்டுக்குப் போய்விட்டது. குழந்தை கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டது. வரிசையில் முடிச்சக்காவும் இருந்தாள், அவளும் வாயைத் திறக்கவில்லை. பேசியிருந்தால் அவளுடைய இரண்டு பிள்ளைகளின் தட்டும் போயிருக்கும்.

மேஸ்திரியின் மனைவியை அவள் அண்ணி என்று கூப்பிடுவாள். சொந்தம் இல்லை, ஆனால் சொந்தத்தைவிட ஒரு படி மேல். இரண்டு பிரசவத்துக்கும் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவள் அந்த அண்ணிதான். இப்போது ஜன்னல் இடுக்கு வழியாக எதிர்வீட்டைப் பார்ப்பதோடு சரி. தெருக்குழாயில் ஆள் இல்லாத உச்சிவெயிலில் அண்ணி வந்து தண்ணீர் பிடிப்பாள். பிறகு அதுவும் நின்றது. வாசலில் வைத்த வாளி காய்ந்து கிடந்தது. அடுப்புப் புகை இல்லை, பிள்ளை அழுகிற சத்தம் இல்லை.

"என்னங்க, எதிர்வீட்டுல சத்தமே காணோம். ஒரு எட்டு பாத்துட்டு வரட்டுமா?"

"சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருப்பான்."

"வாளி வாசல்லயே கிடக்குங்க."

"அந்தப் படியை மிதிச்சேன்னா திரும்ப இந்தப் படி ஏறாத," என்றார் பாய்லர்காரர். கத்தவில்லை. அவர் கத்தாமல் சொன்னால் அது சட்டம்.

அப்படியிருக்கையில்தான் சலூன்காரர் பொது அடுப்பருகே நின்று கையைத் தட்டினார். "நாள் நெருங்கிடுச்சு. கதவுக்குப் பெயிண்ட் அடிக்கணுமா வேண்டாமா?"

எல்லோரும் அவர்மேல் பாய்ந்தார்கள். வயிறு காயும்போது வண்ணம் ஒரு கேடா என்றான் ஒருவன். பெயிண்ட் வாங்க உன் தாத்தா சொத்து வைத்திருக்கிறாரா என்றார் தையல்காரர். நிஜமான காரணத்தை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கதவைத் திறந்தால் மானம் கப்பலேறிவிடும்.

அப்போது முடிச்சக்கா பேசினாள். சபையில் பேசாதவள் பேசியதால் எல்லோரும் திரும்பினார்கள். "பரண்ல பழைய டப்பா இல்லாத வீடு எது? அடியில ஒட்டினத சுரண்டினாலே போதும். இதையும் விட்டுட்டா நமக்குன்னு என்னதான் மிச்சம்?" தெருமேல் உள்ள பாசத்தில் பேசுகிறாள் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அவள் மனசில் இருந்தது ஒரே ஒரு கதவு. பெயிண்ட் அடித்தால் அந்தக் கதவு திறந்துதான் ஆகவேண்டும்.

ஒருவழியாகச் சம்மதித்தார்கள். கலையும் நேரத்தில் பாய்லர்காரர் சொன்னார்: "மேஸ்திரி கதவுக்கு யாரும் பிரஷ்ஷை எடுக்க வேண்டாம். அந்த வீடு கணக்குல இல்ல." சரிதான் என்று தலைகள் ஆடின. கதவைத் திறக்க முடிச்சக்கா கண்ட ஒரே வழியையும் அவர் அடைத்துவிட்டார்.

அந்த நாள் வந்தது. டப்பாக்களின் அடிமண்டியைக் கலக்கியதில் உலகத்தில் பெயரே இல்லாத நிறங்கள் பிறந்தன. பழைய சேலைகளைக் கிழித்துத் தெருவுக்குக் குறுக்கே தோரணம் கட்டினார்கள். தையல்காரர் சலூன்காரரின் கதவுக்கு முதலில் அடித்தார். இந்த முறை நீலம், பொட்டு இல்லை, ஒழுங்கான நீலம். சலூன்காரர் கதவைத் தள்ளித் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

முன்னறையில்தான் அவருடைய கடை. உள்ளே ஒரு முக்காலி, ஒரு கத்தி, ஒரு கிண்ணம். சுவரில் பெரிய கண்ணாடி இருந்த இடத்தில் வெள்ளைச் சதுரம்.

"அடப்பாவி, கண்ணாடியையுமா வித்துட்ட?" என்றார் தையல்காரர். "போன வாரம் எனக்கு முடி வெட்டினப்ப வாசல்லயே கண்ணை மூடிக்கச் சொன்னியே!"

"பின்ன? திறந்திருந்தா தெரிஞ்சிருக்குமே. எப்படி வெட்டினேன்னும் தெரிஞ்சிருக்கும்."

தையல்காரர் சிரித்தார், சிரித்துக்கொண்டே போய்த் தன் வீட்டுக் கதவைத் தானே திறந்தார். மிஷின் இல்லாத தையல் வீடு. அடுத்த கதவு, அதற்கடுத்த கதவு. கட்டில் இல்லை, பீரோ இல்லை, சில வீடுகளில் அறைக் கதவுகளே இல்லை. ஒரே மாதிரி வெறும் தரைகள். "உங்க வீட்டுலயுமா?" "உங்க வீட்டுலயுமா?" பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு அழுதார்கள், அழுகையிலேயே சிரிப்பும் வந்தது. எத்தனை நாள் தனித்தனியாக ஒளித்து வைத்த அவமானம்! ஒளிக்க ஒன்றும் இல்லை என்றதும் பிள்ளைகள் வீட்டுக்கு வீடு ஓடி வெறும் அறைகளில் கத்தி எதிரொலி கேட்டார்கள். யாரோ ஒரு தகரத்தைத் தட்ட ஆரம்பித்தார்கள்.

இரண்டு கதவுகள் மட்டும் மூடியிருந்தன. ஒன்று மேஸ்திரியின் கதவு, மற்றது முடிச்சக்காவின் கதவு. அவள் கதவுக்கு அடிக்க வேண்டியது மேஸ்திரி வீட்டார்தானே, யார் வருவார்கள்?

அவள் எதிர்க்கதவைப் பார்த்தபடி நின்றாள். தெருவே இத்தனை கூச்சல் போடுகிறது, அந்த வீட்டிலிருந்து ஒரு பிள்ளை எட்டிப் பார்க்கவில்லை. எந்தப் பிள்ளையால் பார்க்காமல் இருக்க முடியும்? குனிந்து காலடியில் இருந்த மஞ்சள் டப்பாவை எடுத்தாள்.

"ஏய்!" என்றார் பாய்லர்காரர்.

அவள் நிற்கவில்லை. தகரச் சத்தம் நின்றது. தெருவைக் கடந்து அந்தப் படியில் ஏறினாள். பிரஷ்ஷை முக்கி மேலிருந்து கீழே இழுத்தாள். பாதி பெயிண்ட் சேலையில் வழிந்தது.

"அண்ணி, கதவு அடிக்க வந்திருக்கேன். திற அண்ணி."

பதில் இல்லை. இன்னொரு இழுப்பு. "வழக்கம் அண்ணி. திறக்கணும்."

பிரஷ்ஷை எறிந்துவிட்டு இரண்டு கையாலும் ஈரக் கதவை அறைந்தாள். "அண்ணி! அண்ணி!" அவள் போட்ட அலறலில் சங்கமாவது முடிவாவது, எல்லாம் எங்கேயோ போயின. பின்னாலிருந்து யாரோ அவளை விலக்கினார்கள். பாய்லர்காரர். அவர் முகம் வெளிறியிருந்தது. தோளைக் கொடுத்து ஒரு மோது மோதினார். தாழ்ப்பாள் பிய்ந்து உள்ளே விழுந்தது.

அந்த வீட்டிலும் ஒன்றும் இல்லை. மூலையில் மேஸ்திரி சுருண்டு கிடந்தார், கண் மட்டும் அசைந்தது. சுவரோரம் அண்ணி, அவள் மடியில் மகள். குழந்தையின் உதடு வெடித்திருந்தது. பாய்லர்காரர் மேஸ்திரியின் பக்கத்தில் போய் மண்டியிட்டார்.

"என்னை விடு," என்றார் மேஸ்திரி, காற்று மாதிரி. "பிள்ளையைத் தூக்கு."

குழந்தையை அவர் வாரி எடுத்தார். அது அவர் தோளில் தலை சாய்த்து லேசாக முனகியது. அந்த முனகலைக் கேட்டதும், முடிவைப் படித்த அந்த மனுஷன் எல்லோருக்கும் முன்னால் குலுங்கிக் குலுங்கி அழுதார். "அடுப்புல இருக்கறத கொண்டாங்கடா! ஓடுங்கடா!" என்று கத்தினார். வாசலை அடைத்து நின்ற கூட்டம் ஓடியது.

முடிச்சக்கா அண்ணியைத் தன்மேல் சாய்த்துக்கொண்டு வாயில் தண்ணீரை ஊற்றினாள். பாதி வழிந்தது, பாதி இறங்கியது. அண்ணி கண்ணைத் திறந்து வாசலைப் பார்த்தாள். வெளிச்சமும் முகங்களுமாக இருந்தது.

"கதவைச் சாத்து முடிச்சு. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும் அண்ணி. எல்லா வீடும் இப்படித்தான் இருக்கு. நானே இப்பதான் பாத்தேன்."

அண்ணியின் பார்வை தெருவைத் தாண்டி, மூடிய அந்தக் கதவில் போய் நின்றது.

"உன் கதவு சும்மா கிடக்கு," என்றாள். "நான்தானே அடிக்கணும்."

சொல்லிவிட்டுத் தரையில் கையை ஊன்றினாள், எழுந்திருக்கப் பார்த்தாள். கை மடங்கியது. முடிச்சக்கா அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எலும்பு எலும்பாகக் கையில் தட்டுப்பட்டது.

"நாளைக்கு அடி அண்ணி. என்ன கலர் வேணும்னாலும் அடி. நாளைக்கு வருவேன்னு சொல்லு."

அண்ணியின் கண் மூடிக்கொண்டது.

"சொல்லு அண்ணி. வருவேன்னு வாயைத் திறந்து சொல்லு."

தெருவில் யாரோ பாத்திரத்தோடு ஓடி வருகிற சத்தம் கேட்டது. அண்ணியின் உதடு அசைந்தது. முடிச்சக்கா காதை அருகில் கொண்டுபோனாள்.

"வரேன்," என்றாள் அண்ணி.