‘இதோ வந்துட்டேன்’ கலர்

‘இதோ வந்துட்டேன்’ என்ற ஆரஞ்சுக் கலர் சோடா கடைகளுக்கு வந்த முதல் கோடையில், ஊரை விட்டுப் போயிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். அவர்களில் ஒருவர் முடிதிருத்துபவரின் அண்ணன்; அவர் இறந்துவிட்டார் என்று வீட்டில் எல்லாரும் அழுது முடித்திருந்தார்கள். தம்பி கடையில் கூட்டம் குறைந்த நேரத்தில் ஒரு புட்டியைத் திறந்து, அண்ணனை நினைத்துக்கொண்டு குடித்தார். கடைசி வாய் இறங்குவதற்குள் அண்ணன் உள்ளே வந்து, காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, “பின்னாடி கொஞ்சம் குறைச்சு வெட்டு” என்றார். ஐஸ் விலை ஏறியதைச் சொல்வது போலத்தான் ஊர்க்காரர்கள் இதையும் பேசிக்கொண்டார்கள்.

அந்தக் கலரைப் போட்டவள் சோடாக்காரம்மா. அப்போது அவளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. வீட்டின் பின்கட்டுதான் கம்பெனி. புருஷன் எசென்ஸ் கலப்பார், அவள் மெஷினில் கேஸ் ஏற்றுவாள், தொட்டிலில் கைக்குழந்தை தூங்கும். ஒருநாள் காலையில் பாதி வேலையில் புட்டி மூடி தீர்ந்துபோனது. அவர் துண்டில் கையைத் துடைத்தபடி, “மூடி வாங்கிட்டு இதோ வந்துட்டேன்” என்று நீலக் கதவைத் தள்ளிக்கொண்டு போனார். அன்றைக்கு வரவில்லை. அந்த மாதமும் வரவில்லை. மூடிக் கடைக்காரர் அவரைப் பார்க்கவே இல்லை என்று சத்தியம் செய்தார். ஆனால் அவர் உட்கார்ந்திருந்த முக்காலியின் சூடு ஆறவில்லை. பூனை அதை விட்டு இறங்க மறுத்தது. மேஜையில் மூடாமல் நின்ற புட்டிகளிலும் நுரை அடங்கவில்லை. மாதக்கணக்கில் பொங்கிக்கொண்டே இருந்தது. சினிமா கொட்டகையில் டிக்கெட் கொடுக்கிறவளோடு ஓடிவிட்டார் என்று பக்கத்து வீட்டுக்காரி காதில் போட்டபோது, “போனா போகட்டும் அக்கா, மூடியைக் கொடுத்துட்டுப் போயிருக்கலாம்ல?” என்றாள் சோடாக்காரம்மா. பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் வெளியே வரவில்லை.

வயிறு இருக்கிறதே. கலக்கும் வேலையையும் அவளே கற்றுக்கொண்டாள். மூடாத அந்தப் புட்டிகளைக் கொட்ட மனசு வராமல் முதல் தொட்டியில் ஊற்றினாள். பிறகு ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் கொஞ்சம் மிச்சம் வைத்து அடுத்ததில் சேர்ப்பது வழக்கமாயிற்று. லேபிள் வரைய வந்த ஓவியர் கலருக்கு என்ன பேர் என்று கேட்டார். அவளுடைய தம்பி ரோஜா, நட்சத்திரம், ராணி என்று அடுக்கிக்கொண்டே போனான். “வாயை மூடுடா” என்றாள் அவள். “அந்த மனுஷன் கடைசியா என்ன சொல்லிட்டுப் போனாரோ, அதையே எழுதுங்க. ஊரே படிக்கட்டும்.” படத்தைப் பற்றி ஓவியர் எதுவும் கேட்கவில்லை. பேச்சு முழுக்க அவள் கண் எங்கே போய்ப் போய் வந்தது என்பதைப் பார்த்திருந்தார். பாதி திறந்த ஒரு நீலக் கதவை வரைந்து கொடுத்தார்.

அந்தக் கதவு எல்லா ஊருக்கும் போனது. கோபித்துக்கொண்டு தாய்வீடு போன மனைவிகள் பெட்டியோடு வந்து இறங்கினார்கள். யாரை நினைத்துக் குடித்தாலும் அவர் வந்தார் என்பதால் சங்கடங்களும் இருந்தன. தையல்காரர் ஒருவர், இந்த நேரத்தில் மட்டும் மாமியார் வந்துவிடக் கூடாது என்று நினைத்தபடியே குடித்துத் தொலைத்தார். அந்த அம்மாள் ஆறு மாதம் தங்கினார். அதன்பிறகு ஜனங்கள் மனசை ஒழுங்குபடுத்திக்கொண்டுதான் மூடியைத் திறந்தார்கள்.

சோடாக்காரம்மாவின் வாசலுக்கு மட்டும் யாரும் வரவில்லை. தொட்டிலில் இருந்த பெண் வளர்ந்து, கணக்கு வாத்தியார் ஒருவரைக் காதலித்து, கல்யாணத்துக்கு நாள் குறித்தாயிற்று. அப்பாவை வரவழைக்க அவளும் குடித்துப் பார்த்தவள்தான். நினைத்துக்கொள்ள அவளுக்கு ஒரு முகம் இல்லை. கல்யாணத்துக்கு முந்தின வாரம், அம்மா தொட்டியிலிருந்து ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டு, நாக்கில் உருட்டி, வழக்கம்போல வாளியில் துப்பியதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“அம்மா, இத்தனை வருஷத்துல ஒரு வாயாவது முழுங்கியிருக்கியா?”

“கலர் போடறவங்க முழுங்கக் கூடாதுடி. நாக்கு மரத்துப்போயிடும்.”

“உன் நாக்கா? மரத்துட்டாலும்!”

அம்மா சிரிக்கவில்லை. கரண்டியைக் கழுவினாள். கழுவிய கரண்டியை மறுபடியும் கழுவினாள்.

“குடிச்சும் வரலைன்னா என்னடி பண்றது?” என்றாள். “இப்பவாவது, நான் குடிக்கலை, அதான் வரலைன்னு இருக்கேன்.”

மகள் ஒரு புட்டியைத் திறந்து அம்மா கையில் வைத்துவிட்டு, பூனையைத் தூக்கிக்கொண்டு முக்காலியைக் காலிசெய்தாள்.

சோடாக்காரம்மா கண்ணை மூடிக்கொண்டாள். முதல் வாயைக் கன்னத்தில் அடக்கி வைத்திருந்தாள். வாளியைக்கூட ஒருதரம் பார்த்தாள். பிறகு விழுங்கினாள்.

நீலக் கதவு கிறீச்சிட்டது. அதே சட்டை, தோளில் அதே துண்டு, வயதும் அதே. அவர் மூடிப் பையோடு உள்ளே வந்தார். “கடையில ஒரே கூட்டம்” என்றார். அவள் பையை வாங்கி ஒரு மூடியை எடுத்துப் புட்டியின் வாயில் வைத்துப் பார்த்தாள். “இந்த அளவு இப்ப சேராது. புட்டி மாத்தியாச்சு” என்றாள்.

கல்யாணப் போட்டோவில் அவர் மணப்பெண்ணுக்கு அண்ணன் மாதிரி இருக்கிறார். விட்டுப்போன வயதையெல்லாம் அந்தக் கோடையிலேயே அவசர அவசரமாக முடித்துக்கொண்டார். காலையில் எழும்போதெல்லாம் கொஞ்சம் நரைத்திருக்கும். மழைக்காலம் வருவதற்குள் மனைவிக்குப் பொருத்தமாகிவிட்டார். ஆனால் வந்த அன்றைக்கு, ஆறாத முக்காலியில் உட்கார்ந்து லேபிளை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்.

“யார் வெச்ச பேரு இது?”

“நீங்கதான்.”

நல்லாத்தான் இருக்கு என்று புட்டிக்குக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. மீதியையும் துப்பாமல் குடித்துவிட்டு, அவருக்கு வேறு ஒன்று எடுத்துவர எழுந்தாள்.