கரிவாயுவும் ஒரு பொருத்தனையும்

லியோனார்டுக்கு அபிப்பிராயம் இல்லாத விஷயம் இந்த உலகத்தில் கிடையாது. பகலெல்லாம் ராயபுரம் எஞ்சின் ஷெட்டில் அவர் வெறும் ஃபிட்டர்தான். சாயங்காலம் சலூன் பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டாரென்றால் வைஸ்ராய்க்கே புத்தி சொல்லுகிற ஆள். மூர் மார்க்கெட்டில் எடைக்குப் போட்ட இங்கிலீஷ் மெக்கானிக் பத்திரிகைகளை அள்ளிக்கொண்டு வந்து, பாதி புரிந்தும் பாதி புரியாமலும் படித்துவிட்டு அளப்பார் பாருங்கள், அப்பப்பா! வெயிலைப் பிடித்து மோட்டார் ஓட்டுகிற காலம் வருமாம். கரண்டு குழாய்த் தண்ணீர் மாதிரி வீட்டுக்கு வீடு சும்மா வருமாம். சுயராஜ்யம் வந்தால் வக்கீல்களையெல்லாம் ஓரமாக உட்காரவைத்துவிட்டு எஞ்சினியர்களிடம் ராஜ்யத்தைக் கொடுக்க வேண்டுமாம். பாதி முகம் மழித்த நிலையில் மாட்டிக்கொண்டவர்கள், தலையாட்டினால் கத்தி பட்டுவிடுமே என்று வெறுமனே ‘உம்’ கொட்டுவார்கள். அதையும் அவர் ஆமோதிப்பு என்றே எடுத்துக்கொள்வார்.

யுத்தம் வந்து பெட்ரோலுக்குக் கூப்பன் என்று ஆனதும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. பெட்ரோல் வைத்திருக்கிறவன்தான் ராஜா, அது வெள்ளைக்காரன் கையில் இருக்கிறவரை நாம் அடிமை, ஆனால் கரி நம் காட்டு மரத்தில் இருக்கிறது, கரியில் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்ட அன்றைக்கே நமக்குப் பாதி சுதந்திரம் என்று பேச ஆரம்பித்தார். அதைக் கேட்டு உண்மையிலேயே மயங்கியவர் ஒருவர் உண்டு. சுப்புராஜ் அண்ணாச்சி. சிவகாசிப் பக்கத்திலிருந்து வந்து, ஒரே ஒரு லாரியை வைத்து அத்திப்பட்டு உப்பளத்திலிருந்து துறைமுகத்துக்கு உப்பு அடித்துக்கொண்டிருந்தவர். கூப்பன் போதாமல் லாரி கொட்டகையில் தூங்கியது. அண்ணாச்சிக்குத் தூக்கம் போயிற்று.

லியோனார்டே முன்னால் நின்று லாரியில் கரிவாயு அடுப்பைப் பூட்டினார். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஆளுயர இரும்புப் பீப்பாய். அதற்குள் மரக்கரி மூச்சுமுட்டப் புழுங்கி எரியும். அதிலிருந்து வரும் வாயு குழாய் வழியாக எஞ்சினுக்குப் போகும். லாரி இருமிக்கொண்டே கிளம்பித் திருவொற்றியூர் வரை போய்த் திரும்பிய அன்று, தெருவே அவருக்கு மாலை போட்டது. அந்த மாலையைக் காய்ந்து உதிரும்வரை அவர் சுவரில் மாட்டி வைத்திருந்தார்.

லாரியின் டிரைவர் இக்னேஷியஸ். லியோனார்டின் சிறுவயதுத் தோஸ்து. இக்னேஷியஸின் மகள் ஹில்டாவுக்கு லியோனார்டுதான் ஞானத்தகப்பன். அந்தப் பிள்ளை கைக்குழந்தையாக இருந்தபோது அம்மை போட்டுப் பிழைக்காது என்று எல்லோரும் கைவிட்ட சமயத்தில், இக்னேஷியஸ் மாதா சுரூபத்தின் முன்னால் முழங்காலில் விழுந்து பொருத்தனை செய்தான்: பிள்ளையைக் கொடுத்தால் இனிச் சாராயத்தைத் தொடமாட்டேன் என்று. பிள்ளை பிழைத்தது. அன்றிலிருந்து அவன் தொடவில்லை. அதற்கு முன்னால் அவன் குடித்த குடியைப் பார்த்தவர்களுக்குத்தான் இது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். திருநாளன்று மாதா சப்பரத்தின் முன்கொம்பை அவன் தோளில்தான் வைப்பார்கள். அவன் மனைவி சிலுவையம்மாள் அதைப் பார்த்துப் பார்த்து அழுவாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. துறைமுக வாசலில் லாரிகள் வரிசையாகக் காத்துக் கிடக்கும். அடுப்பை அணைத்தால் மறுபடி மூட்ட நேரமாகும், கரியும் வீண், ஆகவே காத்திருக்கும்போதும் கனலை அணைக்காதே என்று லியோனார்டுதான் சொல்லிக்கொடுத்தார். சாரல் அடிக்காமல் டிரைவர் உட்காரும் இடத்தைச் சுற்றித் தார்ப்பாய் கட்டிக்கொடுத்தவரும் அவரேதான். வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்டபோது இக்னேஷியஸ் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

“வண்டி நல்லாத்தான் ஓடுது மாமு. ஆனா நின்னுகினு இருக்கசொல்லோ தல பாரமா கீது. வாந்தி வர்ற மாதிரி கீது.”

லியோனார்டு சிரித்தார். பெட்ரோல் நாற்றத்துக்குப் பழகின மூக்கு, புது மெஷின் பழக நாலு நாள் ஆகும் என்றார். புகை வந்தால்தானே கெடுதல், இதில் புகையே கிடையாதே, கண்ணுக்குத் தெரியாத சுத்தமான வாயு என்று ஒரு பிரசங்கமே செய்தார். இக்னேஷியஸ் தலையாட்டிவிட்டு வண்டியில் ஏறினான்.

அந்த வாரமே நடந்தது. துறைமுக வாசலில் வெகுநேரம் காத்திருந்துவிட்டுக் கிளம்பிய லாரி, கடற்கரை ரோட்டில் கோணல்மாணலாகப் போய், நின்றிருந்த மாட்டுவண்டியில் மோதியது. ஒரு மாடு செத்தது. இக்னேஷியஸின் வலதுகால் முறிந்தது. இழுத்து வெளியே போட்டபோது கண் சொருகி, வாய் குழறி, தன் பேரைக்கூடச் சரியாகச் சொல்லவில்லை. பார்த்த நூறு பேரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். செய்தி ஆஸ்பத்திரிக்கு முன்னால் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தது. சிலுவையம்மாள் ஆஸ்பத்திரிக்கு ஓடியும் கட்டிலருகில் போகாமல் வாசற்படியிலேயே நின்று, மார்பில் அடித்துக்கொண்டு திரும்பிவிட்டாள்.

லியோனார்டுக்கு முதலில் வந்தது கோபம்தான். படுபாவி, என் மெஷினின் பேரைக் கெடுத்துவிட்டானே என்று. அடிபட்ட லாரியைக் கொட்டகையில் வைத்துச் சரி செய்யப் போனார். அடுப்பை மூட்டி, தார்ப்பாய்க்குள் உட்கார்ந்து, எஞ்சினை ஓட விடாமல் இதையும் அதையும் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் நெற்றிப்பொட்டு தெறித்தது. இறங்கினால் முழங்கால் நிற்கவில்லை. கொட்டகைச் சுவரைப் பிடித்துக்கொண்டு குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தார். சாராயத்தை மோந்துகூடப் பார்த்திராத மனிதர்.

சீட்டுக்குப் பின்னால் குழாய் மூட்டு கசிந்திருந்தது. எஞ்சின் ஓடும்போது வாயுவை அது உள்ளே இழுத்துக்கொள்ளும். எஞ்சினை நிறுத்திவிட்டுக் கனலை மட்டும் வைத்திருந்தால், அத்தனையும் தார்ப்பாய்க்குள் இருக்கிறவன் மூக்குக்குத்தான். புரிந்துவிட்டது. எல்லாம் புரிந்துவிட்டது.

அப்போதே தெருவில் இறங்கிக் கத்தியிருக்க வேண்டாமா? அந்த வாய் ஏன் அன்றைக்கு மட்டும் ஒட்டிக்கொண்டது? இன்னும் இரண்டு லாரிக்காரர்கள் அடுப்புக்குச் சொல்லியிருந்தார்கள். சுவரில் மாலை தொங்கியது. இக்னேஷியஸின் கால் ஆறட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று மனது ஒரு சமாதானம் சொன்னது. அவர் குழாய் மூட்டைப் புதிதாக அடைத்தார். தார்ப்பாயை எடுத்துவிட்டார். நிற்கும்போது கனலை அணைத்துவிட வேண்டும் என்று சுப்புராஜிடம் சொன்னார். ஏன் என்று அவர் கேட்டதற்கு, முன்னால் சொன்னதையே புரட்டி, கரி மிச்சம் என்றார்.

புது டிரைவர் வந்தான். லாரி ஒரு தலைவலியும் இல்லாமல் அத்திப்பட்டுக்கும் துறைமுகத்துக்கும் ஓடியது. அதே வண்டி, அதே அடுப்பு, இவனுக்கு ஒன்றும் ஆகவில்லையே, அப்போது அவன் குடித்ததுதானே நிஜம் என்று சலூனில் பேசிக்கொண்டார்கள். லியோனார்டு அடைத்த மூட்டே இக்னேஷியஸுக்கு எதிர்ச்சாட்சி ஆயிற்று. அவர் சலூனுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார். போனாலும் வெயில் மோட்டாரைப் பற்றியெல்லாம் பேசுவதில்லை. உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள்.

ஈஸ்டருக்கு முந்திய நோன்பு நாட்களான தபசு காலம் ஆரம்பித்த வாரத்தில் ஹில்டாவுக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் பிள்ளை கண்ணைத் திறக்கவில்லை. சிலுவையம்மாள் புருஷனைப் பார்த்த பார்வையில் அவன் எரிந்தே போயிருக்க வேண்டும். மாதாவுக்குக் கொடுத்த வாக்கை நீ முறித்தாய், மாதா கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொள்கிறாள் என்றாள். அவன் கோலை ஊன்றிக்கொண்டு கோயிலுக்கு நொண்டினான்.

மறுநாள் லியோனார்டு பதறிக்கொண்டு போய்ப் பார்த்தபோது ஹில்டா எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். இக்னேஷியஸின் முகத்தில் வெகுநாளைக்கப்புறம் ஒரு தெளிவு.

“சாமியாராண்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன் மாமு,” என்றான். “குடிச்சேன்னு ஒத்துகினேன். எனக்கு நெனப்பே இல்ல, ஆனா ஒத்துகினேன். ராவோட ராவா காய்ச்சல் எறங்கிடுச்சு பாரு. அப்போ நான் குடிச்சுத்தான் கீறேன்.”

லியோனார்டு தரையில் உட்கார்ந்தார். நீ குடிக்கவில்லை, அது வாயு, மூட்டில் கசிவு, என் தப்பு என்று கொட்டித் தீர்த்தார். வார்த்தை முந்திக்கொண்டு விழுந்தது. எஞ்சின், கனல், தார்ப்பாய் என்று வழக்கம்போல விளக்கினார். அதுதான் வினையாயிற்று. இத்தனை வருஷம் அவர் விளக்கிய சங்கதிகளைக் கேட்டுப் பழகிய புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இக்னேஷியஸ் அவர் தோளைத் தட்டினான். சிலுவையம்மாளின் கண் கலங்கியது.

“எங்களுக்கோசரம் ஒம் மெஷின் மேலயே பழியப் போட்டுக்கிறியே அண்ணே. அந்தப் புது டிரைவரு அதே வண்டியத்தானே ஓட்டிகினு கீறாரு? உனுக்கு நல்ல மனசு. கஞ்சி கீது, குடிச்சிட்டுப் போ.”

அவர் குடித்தார். செய்த துரோகத்துக்குச் செருப்படி கிடைத்திருந்தால்கூட மனது ஆறியிருக்கும். கஞ்சியல்லவா கிடைத்தது!

ஞாயிற்றுக்கிழமை சுப்புராஜின் லாரி கொட்டகையில் நின்றது. கொட்டகை கோயிலுக்குப் போகிற தெருவிலேயே இருந்தது. பூசை முடிகிற நேரம் பார்த்து லியோனார்டு அடுப்பை மூட்டினார். தானே அடைத்த மூட்டைத் தானே தளர்த்தினார். பழைய தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டு சீட்டில் ஏறி உட்கார்ந்தார். சுப்புராஜ் ஓடிவந்து, “என்ன மிஸ்திரி, கிறுக்குப் பிடிச்சிருக்கா உமக்கு?” என்று தார்ப்பாயைப் பிடித்தார். கோயில் மணி அடித்ததும் என்னை இழுத்துத் தெருவில் விடும், அதுவரை தொடாதேயும் என்று கெஞ்சினார் லியோனார்டு. அண்ணாச்சிக்கு ஒன்றும் விளங்கவில்லை. மணிக்காகக் காத்திருக்கவும் பயமாக இருந்தது. ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்து மறுக்க முடியவில்லை.

பூசை முடிந்து ஜனங்கள் வந்தபோது, லியோனார்டு கொட்டகையிலிருந்து வெளியே வந்தார். வந்தார் என்றா சொல்வது? ஒரு கால் கிழக்கே போனது, ஒரு கால் மேற்கே போனது. கண் சொருகியிருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்து எச்சில்தான் ஒழுகியது. நடுத்தெருவில் குப்புற விழுந்து வாந்தி எடுத்தார். ஒருத்தன் சிரித்தான். தோஸ்துக்குத் துணையாய் இவரும் ஆரம்பித்துவிட்டார், அதுவும் தபசு காலத்தில் என்றான். முக்காடு போட்ட பெண்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒதுங்கினார்கள்.

சிலுவையம்மாள் ஒதுங்கவில்லை. ஹில்டாவின் கையை விட்டுவிட்டு வந்து, அவர் பக்கத்தில் மண்டியிட்டு, அவர் தலையைத் தூக்கித் தன் முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டாள்.

“ஊது,” என்றாள்.

அவர் ஊதினார்.

“இன்னொருவாட்டி ஊது.”

மறுபடி ஊதினார். கரி வாடை. லேசான கரி வாடையைத் தவிர வேறு ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரி வாசற்படியிலிருந்து திரும்பி வந்ததை நினைத்தாளோ என்னவோ, முந்தானையால் அவர் வாயைத் துடைத்தாள். பிறகு எழுந்து நின்று, கோயிலிலிருந்து வந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

“இவரு குடிக்கல. என் வூட்டுக்காரரும் குடிக்கல. அன்னிக்கு நான் கிட்டப் போயி மோந்துகூடப் பாக்கல.”

சிரித்தவன் வாயை மூடிக்கொண்டான். சுப்புராஜ் ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து லியோனார்டின் தலையில் ஊற்றினார். தலை பிளந்தது, ஆனாலும் அவருக்கு நிம்மதியாக மூச்சு வந்தது. ஐப்பசிக்கப்புறம் முதல் தடவையாக.

சிலுவையம்மாள் போகவில்லை. மறுபடி குனிந்தாள். இந்தத் தடவை அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

“இது உனுக்கு எப்போலேந்து தெரியும் அண்ணே?”

உலகத்திலுள்ள எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்த மனிதர் இதற்கு ஒற்றை வரியில் பதில் சொன்னார்.

“அடிபட்ட லாரிய ரிப்பேர் பண்ணேனே, அன்னிக்கே,” என்றார்.

ஹில்டா ஓடிவந்து, விழுந்து கிடந்த ஞானத்தகப்பனைத் தூக்கிவிடத் தன் சின்னக் கையை நீட்டினாள். சிலுவையம்மாள் அந்தக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, புருஷன் இருக்கும் வீட்டைப் பார்த்து ஓட்டமும் நடையுமாகப் போனாள்.