விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு கேட்வே

ராயபுரத்தில் ஷாகுல் ஹமீது பாய் நடத்திய பிரவுசிங் சென்டரில் அந்த வருஷம்தான் வீடியோ கான்பரன்ஸ் வந்தது. கேட்வே பெட்டியைப் பொருத்தியது நான், வியாசர்பாடி எழில்மொழி. டெலிபோன் லைனில் வரும் படத்தையும் குரலையும் கடைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கிற பெட்டி அது. அதற்கென்று முகவரி மாதிரி ஒரு ஐ.பி. எண் கொடுத்தேன். பகலெல்லாம் பதவிசாக ஓடியது. சாயங்காலமானால் படம் அப்படியே நின்றுவிடும். இரண்டு நாளாக இதே ரோதனை. லைன்தான் கோளாறு என்று டெலிபோன்காரர்களைத் திட்டித் தீர்த்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

மூன்றாம் நாள் சாயங்காலம் நவ்ரீன் தன் சித்தப்பாவோடு வந்துவிட்டாள். மறுநாள் அவளுக்கு நிக்காஹ். அத்தா காஜா மொய்தீனுக்குக் குவைத்தில் லீவு கிடைக்கவில்லை. மகளைக் கட்டிக்கொடுக்கும் பொறுப்பைத் தன் தம்பி தவ்ஃபீக்கிடம் ஒப்படைப்பதாக அவர் வாயால் சொல்ல வேண்டும். போனிலேயே சொல்லலாம் என்றார்களாம். மகள் முகத்தைப் பார்த்துதான் சொல்லுவேன் என்று மனுஷன் ஒரே பிடிவாதம். அங்கே ஒரு வீடியோ கான்பரன்ஸ் ஹாலில் கொஞ்ச நேரத்துக்கு இடம் பிடித்திருந்தார்.

திரையில் அவர் முகம் வந்தது. "அத்தா!" என்று எழுந்தே விட்டாள் நவ்ரீன். அவர் வாயைத் திறந்தார். திறந்த வாயோடு படம் நின்றது.

"இன்னா எழிலு இது?" என்றார் பாய்.

"நா இன்னா பண்ணட்டும்? சும்மா நோண்டாத பாய்!" என்று எரிந்து விழுந்தபடி திரும்பினேன். கடை முழுக்க சாம்பிராணிப் புகை. பாய் தூபக்காலோடு நின்றிருந்தார். மூலையில் யாருமே உட்காராத பழைய கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"அந்த மிசின யாரு போட்டது?"

"நான்தாம்மா. வெளக்கு வெக்கிற நேரத்துல கடைல ஒரு மிசினும் இருண்டு கெடக்கக் கூடாது. எங்கத்தா காலத்துலருந்து வழக்கம். தெனமும் போடுவேன்."

ஓடிப்போய்ப் பார்த்தேன். கேட்வேக்கு நான் கொடுத்த அதே எண் அதிலும் இருந்தது. இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் இருந்தால் தபால்காரர் எங்கே போவார்? பகலில் அது அணைந்தே கிடந்ததால் என் கண்ணில் படவில்லை.

"அணைச்சிடு பாய்."

"இந்த நேரத்துலயா?" தயங்கினார். பிறகு நவ்ரீனைப் பார்த்தார். தூபக்காலைக் கீழே வைத்துவிட்டு, தானே பிளக்கைப் பிடுங்கினார்.

கேட்வேயை அணைத்துப் போட்டு, மறுபடி அழைத்தேன். காஜா மொய்தீன் வந்தார்.

"அண்ணே, சீக்கிரம் சொல்லுண்ணே. நேரமாவுது" என்றார் தவ்ஃபீக்.

"சொல்றேன்டா. நவ்ரீனு, மாடில தண்ணி ஒழுகுச்சே, அடச்சாச்சா?"

"ஆச்சுத்தா."

"கோழி அடகாத்துகினு இருந்துச்சே?"

"குஞ்சு பொரிச்சிடுச்சுத்தா."

"தலைய ஏன் இப்டி இறுக்கிக் கட்டிகினு கீற? வலிக்கப் போவுது."

தவ்ஃபீக் கடிகாரத்தைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் மகள் கைவிட்டுப் போய்விடுவாள் என்று மனுஷன் பயப்படுகிறார். வேறு யாராவது இப்படி இழுத்திருந்தால் ஒரு வழி பண்ணியிருப்பேன். அன்று வாயே வரவில்லை.

நவ்ரீன்தான் திரைக்குக் கிட்டே போனாள்.

"சொல்லுத்தா. நா எங்க போறேன்? தோ கீற மண்ணடிக்கு. தூரமா கீறது நீதான்."

அவர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். கொஞ்சம் பொறுத்து அதை எடுத்துவிட்டு, மகளைப் பார்த்தபடியே, "குடுத்தேன்டா தவ்ஃபீக்" என்றார்.