வெங்கடலட்சுமி வீடு பார்த்த விதம்

சத்தியவேடுக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சேரியிலிருந்து அதுவரை யாரும் வேறு ராஜ்யத்துக்கு உத்தியோகத்துக்கென்று போனதில்லை. நடவுக்கும் கரும்பு வெட்டவும் புத்தூர்ப் பக்கம் போய்வந்தவர்கள் உண்டு. அது போனோம் வந்தோம் என்கிற மாதிரி. கங்கையாவின் மகள் வெங்கடலட்சுமிக்கு வந்தது அப்படிப்பட்ட வேலை இல்லை. திருப்பதி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். சர்க்கார் முத்திரை போட்ட உத்தரவு தபாலில் வந்திருந்தது.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் அது. ஆந்திரா தனி ராஜ்யமாகிப் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. திருப்பதி அந்தப் பக்கம், சத்தியவேடு இந்தப் பக்கம். எல்லையில் எந்த ஊர் யாருக்கு என்பது முடிவாகிவிட்டது என்று டீக்கடையில் ஒரு கட்சி, இன்னும் ஆகவில்லை என்று இன்னொரு கட்சி. "வயசுப் பொண்ண வேத்து ராஜ்ஜியத்துக்கு அனுப்பறியே கங்கையா, அங்க யாரு இருக்காங்க உனக்கு?" என்று ஊரில் கேட்டார்கள். கங்கையாவுக்கும் அதே பயம்தான். அதனால்தான் திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டிய மகளோடு வெள்ளிக்கிழமையே கிளம்பினார். மூன்று நாளில் அவளுக்கு ஒரு வீடு பார்த்துக் கொடுத்துவிட்டு வருவதாகத் திட்டம்.

புத்தூரில் ரயில் ஏறியதும் வெங்கடலட்சுமி ஒரு விஷயம் சொன்னாள். இந்த வேலைக்கு முன்னால், எல்லைக்கு இந்தப் பக்கமே ஒரு டவுன் எக்ஸ்சேஞ்சில் மூன்று மாதம் தற்காலிக வேலை பார்த்திருந்தாள். அங்கே அறை கொடுத்த வீட்டில் யாரோ சொல்லிக் கொடுத்தபடி சாதியை மாற்றிச் சொல்லியிருந்தாளாம்.

"மூணு மாசம் நைனா. பின்னால யாராச்சும் பேர் சொல்லிக் கூப்ட்டாலே திரும்ப மாட்டேன். நம்ம ஊர்க்காரங்க எதிர்ல வந்துட்டா மூஞ்சியத் திருப்பிக்கினு போயிருக்கேன். இந்த வாட்டி பொய் சொல்ல மாட்டேன்."

"பொய் சொல்லலன்னா வீடு குடுப்பானா?"

"குடுக்கற தெரு எதுன்னு பாக்கலாம்."

கங்கையாவுக்கு அந்தப் பதில் பிடிபடவில்லை. வீடு பார்க்கப் போகிறோமா, தெரு பார்க்கப் போகிறோமா என்று நினைத்துக்கொண்டார்.

திருப்பதியில் சத்திரத்துக்கு எதிரே நின்றிருந்த வீட்டுத் தரகர் கன்னையா அவர்களை முதல் நாளே பிடித்துக்கொண்டார். குடையை மடக்கி மடக்கி விரித்தபடி பேசும் மனிதர். தமிழும் தெலுங்கும் அவர் வாயில் ஒன்றாகவே வந்தன. கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு தெருவுக்குக் கூட்டிப்போனார். வீட்டைப் பார்த்ததும் கங்கையா அசந்துபோனார். சிமெண்டுத் தரை, சுவரில் மின்விளக்குக்குச் சுவிட்சு, ஜன்னலுக்குப் பச்சைச் சாயம். தரகர் காதோடு காதாக, "குலம் கேப்பாங்க, வேற ஏதாச்சும் சொல்லிடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றார்.

திரும்பிப் பார்த்தால் வெங்கடலட்சுமி உள்ளேயே வரவில்லை. தெருமுனைக் குழாய்க்கு எதிரே, கற்பூரம் விற்கும் கடையோரம் நின்றுகொண்டிருந்தாள். கால்மணி நேரம் அப்படியே நின்றாள். பிறகு வந்து, "வாணாங்க, இந்தத் தெரு சரிப்படாது" என்று தரகரிடம் சொல்லிவிட்டாள்.

"வீட்டையே பாக்கலியேம்மா!"

"பாக்க வேண்டியதப் பாத்துட்டேங்க."

தரகர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். கங்கையாவுக்குக் கோபம் வந்தது. வழியில் அவள் மெல்லச் சொன்னாள்.

"தெருக்கூட்டற அம்மா ஒருத்தங்க குடத்தோட தள்ளி நின்னுக்கினு இருந்தாங்க நைனா. எல்லாரும் புடிச்சப்புறம் ஒருத்தி வந்து தூரத்துலேந்து ஊத்தனா. ஊத்திட்டுப் போய் குழாய புளி போட்டுத் தேச்சிக் கழுவறா. அந்தம்மா குழாயத் தொடக்கூட இல்ல."

கங்கையாவின் கோபம் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. ஊர்க் கிணற்றடியில் இரண்டு கையையும் குவித்துக்கொண்டு, மேலேயிருந்து யாராவது ஊற்றுவதற்குக் காத்து நின்ற வருஷங்கள் அவருக்கும் உண்டு. அதே காட்சி இங்கே எதிரிலேயே நடந்திருக்கிறது. அவர் சுவிட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்; இவள் குழாயைப் பார்த்திருக்கிறாள்.

இரண்டாம் நாள் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், தங்கள் ஜனங்கள் இருக்கும் குடியிருப்புக்குப் போனார்கள். ஊரைச் சொன்னதுமே மணியம்மா என்கிற பெண்பிள்ளை சுற்றி வளைத்து, தான் வெங்கடலட்சுமிக்குச் சின்னாயி முறை என்று கண்டுபிடித்து, களியும் கருவாட்டுக் குழம்பும் போட்டாள். தன் வீட்டிலேயே ஒரு பக்கத்தைத் தடுத்துத் தருவதாகச் சொன்னாள். கங்கையாவுக்கு இரண்டு நாள் பாரமும் ஒரே வாய்ச் சோற்றில் இறங்கியது. ராத்திரி அங்கேயே படுத்தார்கள்.

விடிந்து கங்கையா கண் விழித்தபோது மகளைக் காணவில்லை. பதறி எழுந்து வாசலுக்கு வந்தால், வியர்த்து விறுவிறுத்து வந்துகொண்டிருந்தாள்.

"எங்க போய்ட்டு வர சொல்லாம கொள்ளாம?"

"எக்ஸ்சேஞ்சு வரைக்கும் நடந்து பாத்துட்டு வரேன் நைனா. எனக்குக் காலைல ஆறு மணிக்கு டூட்டி. ரயில்வே கேட்டுல கூட்ஸ் வண்டி முன்னாலயும் பின்னாலயும் போய்க்கினே இருக்குது, கேட்டத் தொறக்கவே இல்ல. நான் போய்ச் சேர்றதுக்குள்ள ஆறே கால். இன்னொரு டூட்டி முடிஞ்சா ராத்திரி எட்டு மணிக்கு வரணும். கேட்டுக்கு இந்தாண்ட ஒரு விளக்குக் கம்பம்கூட இல்ல."

மணியம்மா அடுப்பிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். வெங்கடலட்சுமி அவளிடமே போய் உட்கார்ந்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க சின்னாயி. இங்க இருந்தா எனக்கு மனசுக்கு சொகம்தான். ஆனா ஊர்லயும் ஊருக்கு வெளிய. இங்க வந்தும் ஊருக்கு வெளிய. ஒரு வாட்டி உள்ள இருந்து பாக்கணும்னு தோணுது."

மணியம்மா ஊதுகுழலைக் கீழே வைத்தாள். "இதுல தப்பா எடுக்கறதுக்கு இன்னா இருக்குது. போய்ப் பாரு. எங்கயும் அமையலன்னா இங்க வா. இந்தச் செவுரு எங்கயும் ஓடிடாது" என்றாள். பிறகு கங்கையாவைப் பார்த்து, "பொண்ணு காலால யோசிக்குது" என்று சிரித்தாள்.

அந்த விடியற்கால நடையில் வெங்கடலட்சுமி ஒரு தெருவைக் கண்டுவைத்திருந்தாள். எக்ஸ்சேஞ்சிலிருந்து ஆறேழு நிமிஷ நடை. ரயில்வே ஆட்கள், அச்சாபீசில் எழுத்துக் கோக்கிறவர்கள், ஆஸ்பத்திரி வார்டு ஆயாக்கள், பூக்கட்டுகிறவர்கள் என்று கலந்து குடியிருக்கும் தெரு. வீடுகள் ஒன்றும் விசேஷமில்லை. பாதி ஓடு, பாதி தகரம். ஆனால் குழாயடியில் குடங்கள் வந்த வரிசைப்படி நின்றன. குடத்தை வைத்துவிட்டு வீட்டுக்குப் போனவளின் இடத்தை யாரும் பிடுங்கவில்லை. முறை வந்ததும் அவள் பெயரைக் கூவினார்கள். சண்டையும் நடந்தது, ஆனால் அது தண்ணீருக்கான சண்டை. யாரும் யாருக்குப் பின்னாலும் குழாயைக் கழுவவில்லை.

வீடு கேட்டு அங்கே போன அப்பாவையும் மகளையும் தெருக்காரர்கள் சுந்தரம்மா என்கிற பெண்ணிடம் அனுப்பினார்கள். ரயில்வே பிட்டரின் மனைவி. அவள் வீட்டுப் பின்கட்டு காலியாக இருந்தது. நல்லவள் மாதிரிதான் தெரிந்தாள். எக்ஸ்சேஞ்சு வேலை என்றதும் முகம் மலர்ந்தது. சாவியைக் கையில் எடுத்துக்கொண்டே, "ஏ குலம்மா?" என்று கேட்டாள்.

"அரிஜனங்க. சத்தியவேடு பக்கம், சேரி."

சுந்தரம்மாவின் கை சாவியோடு நின்றது. கங்கையா தரையைப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணுமில்லம்மா" என்றாள் சுந்தரம்மா. "நெஜமா ஒண்ணுமில்ல. தெருவுல நாலு பேர் இன்னா சொல்வாங்களோன்னு..."

"வாங்க, கேட்டுடலாம்" என்றாள் வெங்கடலட்சுமி.

"யாரை?"

"அந்த நாலு பேரத்தான்."

சுந்தரம்மா என்ன ஏதென்று புரிந்துகொள்வதற்குள் வெங்கடலட்சுமி வாசலில் இருந்த குடம் ஒன்றை எடுத்து, "இத எடுத்துக்கட்டுங்களா?" என்று கேட்டுவிட்டு, குழாயடிக்குப் போய் வரிசையின் கடைசியில் வைத்துவிட்டாள். கங்கையா பின்னாலேயே ஓடினார். ஞாயிற்றுக்கிழமைக் காலை. ஏழெட்டுப் பெண்கள் நின்றிருந்தார்கள். இவள் எக்ஸ்சேஞ்சில் பழகிய குரலில், கத்தாமல், எல்லார் காதிலும் விழும்படி பேசினாள். தமிழில் ஒருமுறை, தெலுங்கில் ஒருமுறை.

"என் பேர் வெங்கடலட்சுமி. டெலிபோன் ஆபீசுல வேலை. நாங்க அரிஜனங்க. சுந்தரம்மா வீட்டுப் பின்கட்டுக்குக் குடிவரலாம்னு இருக்கேன், தண்ணி இந்தக் குழாயிலதான் புடிப்பேன். யாருக்காச்சும் ஆட்சேபணை இருந்தா இப்பவே சொல்லிடுங்க. சாமான் எறக்கினப்புறம் கேக்கறதுக்கு எனக்கு இஷ்டமில்ல."

குழாயின் கீழே இருந்த குடம் நிரம்பி வழிந்தும் அதை நகர்த்த யாருக்கும் தோன்றவில்லை. வரிசையின் நடுவில் இருந்த ஒருத்தி தன் காலிக் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டாள். போச்சு என்று கங்கையா நினைத்தார். மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மணியம்மா வீட்டுக்கே போய்விடலாம் என்று இரண்டடி எடுத்தும் வைத்தார்.

அப்போது முன்னால் நின்ற வயதான பூக்காரி செங்கம்மா திரும்பினாள். "டெலிபோன் ஆபீசுன்னா பெஜவாடாவுக்குப் பேசலாமா? என் புள்ள அங்க லாரி ஆபீசுல இருக்கறான். மூணு மாசமாக் காயிதம் இல்ல."

"பேசலாங்க. ஆபீசு பேர் தெரியுமா?"

"எழுதி வெச்சிருக்கேன்."

"டிரங்க் கால் புக் பண்ணணும். நாளைக்கு எனக்கு முதல் நாள். செவ்வாக்கிழமை வாங்க, எப்பிடிப் பண்றதுன்னு காட்டறேன்."

"அப்ப செவ்வாக்கிழம" என்று சொல்லிவிட்டு செங்கம்மா தன் குடத்தைத் தூக்கினாள். அவளுக்கு அடுத்தவள், ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்ப்பவள், இவளை மேலும் கீழும் பார்த்தாள். "பேசறதெல்லாம் சரி. நீ எனக்கு அப்புறம் ஆறாவது. நடுவுல பூந்துடாத."

"பூர மாட்டேங்க."

அவ்வளவுதான். வரிசை நகர்ந்தது. யாரும் வரவேற்று மாலை போடவும் இல்லை, விரட்டவும் இல்லை. தன் முறை வந்தபோது வெங்கடலட்சுமி குழாயடியில் குடத்தை வைத்து, கைப்பிடியைத் தானே திருகினாள். கங்கையா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு நாற்பத்தெட்டு வயது. அந்த வயதுக்குள் எத்தனையோ வீரத்தைக் கூத்தில் பார்த்திருக்கிறார், விசில்கூட அடித்திருக்கிறார். வாளும் இல்லாமல் வேஷமும் இல்லாமல் ஒரு தெருவை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்ட ஆளை அன்றைக்குத்தான் பார்த்தார். அது தன் வீட்டுப் பெண் என்பது அவருக்கே நம்பமுடியாமல் இருந்தது.

சுந்தரம்மா வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். நிறைந்த குடத்தோடு வந்தவளிடம் சாவியை நீட்டினாள். "எனக்கு இந்தத் தைரியம் வராதும்மா" என்றாள். அதைச் சொல்ல அவள் வெட்கப்படவில்லை. கங்கையாவுக்கு அவள் மேல் ஒரு மரியாதை வந்தது.

அன்று சாயங்கால வண்டியில் அவர் ஊர் திரும்பினார். ஸ்டேஷனில் மகளிடம் நிறையச் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தார். வண்டி கிளம்பும்போது, "வேளைக்குத் துன்னு" என்பது மட்டும்தான் வாயில் வந்தது.

அடுத்த வருஷம் ஏப்ரல் மாதம் எல்லை நிஜமாகவே மாறியது. சத்தியவேடு ஆந்திராவுக்குப் போனது, திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. வேற்று ராஜ்யம் என்று பேசியவர்கள் எல்லாரும் வீட்டை விட்டு நகராமலே அந்த ராஜ்யத்துக்குக் குடிபோய்விட்டார்கள். ஆபீசுத் தாள்கள் தெலுங்கில் வர ஆரம்பித்தன. மனு எழுத, உத்தரவு படிக்க, பிள்ளைகளைத் திருப்பதி ஹாஸ்டலில் சேர்க்க என்று அவர்கள் கங்கையாவிடம் வந்து மகளின் விலாசம் கேட்டார்கள். சுந்தரம்மா வீட்டுப் பின்கட்டில் இரண்டு வருஷத்துக்குள் ஊரிலிருந்து வந்த நான்கு பெண்கள் தங்கிப் படித்துவிட்டுப் போனார்கள். செங்கம்மாவின் மகன் மட்டும் அகப்படவேயில்லை. லாரி ஆபீசை விட்டு எப்போதோ போய்விட்டான் என்று பதில் வந்தது. ஆனாலும் மாதம் ஒருமுறை செங்கம்மா எக்ஸ்சேஞ்சுக்கு வந்து வேறொரு ஆபீசின் பெயரைச் சொல்லுவாள், வெங்கடலட்சுமியும் அலுக்காமல் கேட்டுப் பார்ப்பாள். குடத்தை எடுத்துக்கொண்டு போனவள் கடைசிவரைக்கும் பேசவில்லை.

கங்கையாவின் மனைவி செல்லியம்மா முதல்முறை மகளைப் பார்க்க வந்தபோது வீட்டை இரண்டு நிமிஷத்தில் பார்த்து முடித்துவிட்டாள். ஒரே ஜன்னல், தகரக் கூரை, மழை வந்தால் ஒரு மூலையில் ஒழுகும்.

"இதுக்கா உங்க நைனா ஊரெல்லாம் பீத்திக்கினு திரியறாரு?" என்றாள்.

வெங்கடலட்சுமி சிரித்தாள். கங்கையா விட்டுக்கொடுக்கவில்லை. "வீட்ட ஏன் பாக்கற? வெளிய வா, தெருவக் காட்டறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.