‘வேண்டாம்’ என்று எழுதாத கடை

வெள்ளிக்கிழமை தோறும் காலை பத்து மணிக்கு எங்கள் கடையிலிருந்து ஆறாயிரத்து எண்ணூறு பேருக்கு மெயில் போகும். அத்தனை முகவரிகளையும் இரண்டு வருஷமாக உட்கார்ந்து சேர்த்தவள் நான்தான். கடைக்கு வந்து நோட்டில் பெயர் எழுதியவர்கள், ஆர்டர் கொடுத்தவர்கள், இணையத்தில் ஒரே ஒரு தடவை விலை கேட்டுவிட்டுக் காணாமல் போனவர்கள் என்று ஒருவரையும் விட்டு வைக்கவில்லை. அந்த எண்ணிக்கையைச் சொல்லும்போது எனக்கே கொஞ்சம் தலைக்கனம் வரும்.

என் பெயர் அம்பரீன். பெரிய காஞ்சிபுரத்தில் கைலாசம் முதலாளியின் பட்டுக்கடையில் மாடியில் ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு மின்விசிறி. அதற்கு ‘வெளியூர் செக்‌ஷன்’ என்று பெயர் வைத்ததும் நான்தான். அதற்கு முன்னால் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலை ஆபீஸில் இருந்தேன். விடிவதற்கு முன் கம்பெனி பஸ் பிடித்து, இருட்டிய பிறகு வீடு திரும்பி, என் மகள் ஆஷிஃபாவைத் தூங்கும்போது மட்டுமே பார்த்த வேலை அது. இந்த மாடி மேசை போனால் மறுபடி அந்த பஸ்தான். அதனால் இந்த மேசையை நான் உயிரைப் போலக் காத்துவந்தேன்.

ஆடி மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை மெயில் போகவில்லை. நாங்கள் மெயில் அனுப்பும் நிறுவனம் எங்கள் கணக்கை நிறுத்திவிட்டது. கேட்காத விளம்பரம் என்று ஏராளமான புகார் வந்திருக்கிறதாம். சம்மதம் கொடுக்காதவர்களை எல்லாம் நீக்க வேண்டும், நிறுத்தும் வழியைத் தெளிவாகக் காட்ட வேண்டும், பதினான்கு நாள் கெடு. இல்லையென்றால் நிரந்தரமாக மூடிவிடுவார்களாம்.

“நம்ப பொருளை நம்ப விக்கிறோம். இவங்களுக்கு இன்னாவாம்?” என்றார் முதலாளி. நானும் அதையேதான் நினைத்தேன். புடவைப் படம் அனுப்புவதும் ஒரு குற்றமா?

நாலு நாள் கழித்துக் கனடாவிலிருந்து பதிவுத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. விளம்பர மெயிலின் அடியில் கடையின் தபால் முகவரி இருக்க வேண்டும் என்பது அங்கெல்லாம் விதி. உள்ள விதிகளில் அந்த ஒன்றைத்தான் நான் ஒழுங்காகப் பின்பற்றியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டே எஸ்தர் என்கிற அந்தப் பெண்மணி என்னைத் தேடி வந்துவிட்டார்.

“நான் இங்கே நர்ஸ். என் தம்பி கல்யாணத்துக்காக இரண்டு வருஷம் முன்பு ஒரு புடவையின் நிறத்தைப் பற்றி உங்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். அதிலிருந்து நூறு மெயிலுக்கு மேல் வந்துவிட்டது. இங்கே சட்டப்படி, விசாரித்தவருக்கு ஆறு மாதம் வரைதான் நீங்கள் எழுதலாம். அதற்கு மேல் என் சம்மதம் வேண்டும். நிறுத்தச் சொன்னால் பத்து வேலை நாளுக்குள் நிறுத்த வேண்டும். நான் மூன்று முறை பதில் போட்டுச் சொன்னேன். யாரும் படித்ததாகத் தெரியவில்லை. நிறுத்தும் வழியையும் மெயிலில் தேடினேன். ‘போயிட்டு வரேன்’ என்று ஒன்று இருந்தது. போனால் போதும் என்று இருப்பவளிடம், திரும்பி வருவேன் என்று சொல்லச் சொன்னால் எப்படிங்க?”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு மெயிலை அழிக்க ஒரு விரல் போதாதா, இதற்கு இவ்வளவு வீராப்பா என்று கடிதத்தை மேசையில் போட்டேன். அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. தனிநபர் கடன் வேண்டுமா என்று ஒரு பெண் குரல். அன்றைக்கு அது நாலாவது அழைப்பு. “என் நம்பரை உனக்கு யாரும்மா குடுத்தது? வேணாம்னு எத்தினி வாட்டி சொல்றது? மனுசங்களை நிம்மதியா இருக்க வுட மாட்டீங்களா?” என்று கத்தினேன். கீழே துணி மடித்துக்கொண்டிருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.

போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் எனக்கு எஸ்தரின் கடிதத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. பதில் மெயில்கள் வந்து விழும் பெட்டியை அன்றைக்குத்தான் முதல் தடவை திறந்தேன். நிறுத்துங்கள், தயவுசெய்து நிறுத்துங்கள், என் கணவர் இறந்துவிட்டார் அவர் பெயருக்கு அனுப்பாதீர்கள், யார் நீங்கள் என்று வரிசையாகக் கிடந்தன. இரண்டு வருஷமாக இத்தனை பேர் கதவைத் தட்டியிருக்கிறார்கள், எனக்குக் காதே கேட்கவில்லை. வெட்கமாகிவிட்டது.

‘போயிட்டு வரேன்’ விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். மெயிலை நிறுத்துவதற்கான பொத்தான் அது. முதலில் நான் ‘வேண்டாம், நிறுத்துங்கள்’ என்றுதான் எழுதியிருந்தேன். முதலாளி பதறிப்போனார். அவர் கடையில் சரக்கு தீர்ந்தால் ‘நெறைஞ்சிடுச்சி’ என்பார்கள். விளக்கை அணைக்க மாட்டார்கள், குளிர வைப்பார்கள். கல்யாணப் புடவையைப் பற்றிப் போகிற கடுதாசியில் ‘வேண்டாம்’ என்றும் ‘நிறுத்து’ என்றும் எழுதலாமா என்று ஒரே பிடிவாதம். வாசற்படி இறங்குகிறவர்கள் எதைச் சொல்லிவிட்டு இறங்குவார்களோ அதையே போடச் சொன்னார். ஆங்கில மெயிலிலும் அதையே மொழிபெயர்த்துப் போட்டேன். அழகாக இருக்கிறது என்று அப்போது நானே மெச்சிக்கொண்டேன்.

இப்போது அதை மாற்றியே ஆக வேண்டும் என்று கீழே போய்ச் சொன்னேன்.

“அபசகுனமா ஒரு வார்த்தை என் கடைலேர்ந்து போவக் கூடாதும்மா” என்றார்.

“மொதலாளி, கோயில் வாசல்ல ஆட்டோக்காரங்க, புரோக்கருங்க சாமி கும்புட வர்றவங்க கையப் புடிச்சி கடைக்கு இஸ்துக்கினு போறாங்களே, அவங்களை நீங்க இன்னா சொல்லுவீங்க?”

“நாப்பது வருசமா ஒரு புரோக்கரை இந்தப் படி ஏத்துனதில்ல நானு. தெரியுமில்ல?”

“நான் ரெண்டு வருசமா அந்த வேலையத்தான் பண்ணிக்கினு இருந்திருக்கேன். உங்க கடை பேரைச் சொல்லி, ஆறாயிரம் பேர் கையப் புடிச்சி இஸ்துக்கினு.”

அவர் முகம் வாடிப்போனது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார். கடைசியில், “கொட்டை எழுத்துல போடு” என்று மட்டும் சொன்னார். அவரைப் பொறுத்தவரை அது மலையைப் புரட்டுவது மாதிரி.

எஸ்தருக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதித் தபாலில் சேர்த்தேன். அதில் ஒரு புடவையைப் பற்றியும் பேச்செடுக்கவில்லை. அப்புறம் பட்டியலில் கை வைத்தேன். எழுதலாம் என்று தெளிவாகச் சொன்னவர்களைத் தவிர மற்ற எல்லாரையும் நீக்கச் சொல்லி விதி. மூன்று நாள் நீக்கினேன். இரண்டு வருஷ உழைப்பை என் விரலாலேயே அழித்தேன். கடைசியில் மிஞ்சியது நூற்று அறுபத்து மூன்று பேர்.

கணக்கைத் திறந்துவிட்டார்கள். ஆனால் முதலாளி மாடிக்கு ஏறி வந்தார். அவர் படி ஏறுவதே அபூர்வம்.

“தப்பா நெனச்சிக்காதம்மா. நூத்தி அறுபது பேருக்கு ஒரு செக்‌ஷன் எதுக்கு? ஆவணி முடியட்டும். அதுக்குள்ள ஒண்ணும் தேறலைன்னா இந்த மாடியை ஸ்டாக் வைக்க எடுத்துக்கறேன்.”

அன்றைக்கு வீட்டில் கம்பெனி பஸ் எத்தனை மணிக்கு வருகிறது என்று என் கணவர் சுபியான் விசாரித்து வைத்திருந்தார். நல்ல எண்ணத்தில்தான் விசாரித்தார். நான்தான் பாதிச் சோற்றோடு தட்டை எடுத்து வைத்துவிட்டேன்.

ஆவணி பிறந்து முதல் வாரம் வாலாஜாபாத்திலிருந்து ஒரு அம்மா கடைக்கு வந்தார். கங்கையம்மாள், ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை. வந்ததும் வராததுமாக, “இங்க மெயில் எழுதுற பொண்ணு எது?” என்று கேட்டார். இன்னொரு புகார் என்று நினைத்துக்கொண்டே இறங்கி வந்தேன்.

“ஏம்மா, நீதானா? அரக்குக் கலரு பத்தி, மயில் கழுத்துக் கலரு பத்தியெல்லாம் எழுதுவியே, வெள்ளிக்கிழமையானா மொதல்ல அதைத்தான் படிப்பேன். ஒரு நாளு கீழ ‘போயிட்டு வரேன்’னு போட்டிருந்திச்சி. ஒரு மரியாதைக்கு நாமளும் வரேன்னு சொல்லுவோமேன்னு அதை அழுத்துனேன். அத்தோட சரி. ஒரு மெயிலு வரல. வரேன்னு சொன்னவளை இப்படியா தொரத்துவீங்க?”

அந்தப் பொத்தானை அழுத்தியவர்கள் ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம் பேர். எங்களைப் பிடிக்காமல் போனவர்கள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். பிடிக்காதவர்களுக்கு வெளியே போக வழி தெரியவில்லை. பிடித்தவர்கள் வருகிறேன் என்று சொன்ன கையோடு வெளியே தள்ளப்பட்டிருக்கிறார்கள்! சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் கொஞ்சம் செய்தேன். கங்கையம்மாள் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார்.

முதலாளிக்கு விஷயம் புரிந்ததும் முகம் மலர்ந்தது. “அப்ப அந்த ஆயிரத்தி இருநூறு பேரும் நம்ப ஆளுங்க. வரேன்னு அவங்க வாயாலயே சொல்லியிருக்காங்க. இன்னிக்கே எழுதிடு.”

எனக்கும் கை பரபரத்தது. பட்டியல் கண் முன்னால் இருக்கிறது. ஒரு அழுத்து, மேசை தப்பித்துவிடும், பஸ் இல்லை, ஆஷிஃபாவோடு சாயங்காலம் உண்டு. ஆனால் வருகிறேன் என்று சொன்னவர்கள் யார், நிஜமாகவே போனவர்கள் யார் என்று அந்தப் பட்டியலில் எழுதியிருக்கவில்லை. சட்டத்தின் கண்ணில் அத்தனை பேரும் போதும் என்றவர்கள்தான்.

“முடியாது மொதலாளி. எங்க நிக்காஹ்ல பொண்ணுகிட்ட சம்மதம் கேட்டப்புறம்தான் பதிவு புக்குல எழுதுவாங்க. அந்தப் பொண்ணு சரின்னுதான் சொல்லும்னு ஊருக்கே தெரிஞ்சாலும் கேப்பாங்க. இவங்க மனசுல இன்னா இருக்குதுன்னு நம்ப எப்பிடி எழுதிக்கறது?”

“கேக்கறதுக்கே எழுதக் கூடாதுன்ற. பின்ன எப்பிடிதான் கேக்கறது?”

அவர் எழுந்து வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பிப் பார்த்து, “வாசல்ல எழுதிப் போட்டா? அது யாரு வூட்டுக்குள்ளயும் போவாது இல்ல?” என்றார்.

எனக்கு அது தோன்றவே இல்லை. கடை வாசலில் ஒரு பலகை, எங்கள் இணையப் பக்கத்தின் முகப்பில் அதே வாசகம். முதலாளி சொல்லச் சொல்ல நான் எழுதினேன். “போயிட்டு வரேன் என்று அழுத்தியவர்களுக்கு: அது மெயிலை நிறுத்தும் பொத்தான் என்று சொல்லாதது எங்கள் தப்பு. மன்னிக்கவும். வெள்ளிக்கிழமை மெயில் வேண்டும் என்றால் நீங்களே இங்கே சொல்லுங்கள். வேண்டாம் என்றாலும் நம் கடைதான், எப்போதும் போல வாருங்கள்.” ‘வேண்டாம்’ என்ற வார்த்தையை அவரே சொன்னார். நான் கேட்டும் கேட்காதது போல எழுதிக்கொண்டேன்.

முதல் மூன்று நாள் ஒருவரும் சொல்லவில்லை. நாலாம் நாள் ஐந்து பேர். கங்கையம்மாள் தன் பழைய மாணவிகளின் குழுவில் தானாகவே சொல்லியிருக்கிறார், அதில் இருபது பேர். ஆவணி முகூர்த்தத்துக்குப் புடவை எடுக்க வந்தவர்கள் பலகையைப் படித்துவிட்டு, நானும் அழுத்தினேன் என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிலர் படித்துவிட்டு, எங்களுக்கு மெயில் வேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். முதலாளி அவர்களுக்கும் காபி வரவழைத்தார்.

ஆவணியின் கடைசி வெள்ளிக்கிழமை காலையில் அவர் மாடிக்கு வந்தார். நான் மேசையைத் துடைத்து, என் டிபன் டப்பாவை எல்லாம் பையில் எடுத்து வைத்திருந்தேன்.

“எத்தினி பேரு?”

“பழைய நூத்தி அறுபத்தி மூணையும் சேத்து நானூத்தி ஒம்போது.” ஆறாயிரத்து எண்ணூறு என்று சொல்லிப் பழகிய வாய்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “நானூறு பேரு ஒரே நேரத்துல நம்ப வாசல்ல வந்து நின்னா இந்தக் கட்டடம் தாங்குமாம்மா?”

“தாங்காது.”

“அத்தினி பேரும் எழுது எழுதுன்னு அவங்களா வந்து கேட்டிருக்காங்க. என்னை ஒரு ஆளும் அப்பிடி கேட்டதில்ல. ஸ்டாக்கை வேற எங்கனா வச்சிக்கறேன். உக்காந்து எழுது.”

படி இறங்கும் சத்தம் நிற்கும் வரை நான் அடக்கிக்கொண்டேன். பிறகு நன்றாக அழுதேன். சந்தோஷமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. ஆறாயிரம் பேருக்கு எழுதிய நாட்களில், எப்போதாவது ஒரு நிறத்தைப் பற்றி எழுதும் வாரம் தவிர, எனக்குப் பத்து நிமிஷம் போதும், போன வார மெயிலில் விலையை மாற்றிப் போட்டால் வேலை முடிந்தது. அன்றைக்கு மாந்துளிர் நிறத்தைப் பற்றி எழுத ஆரம்பித்து, எழுதி, அடித்து, மறுபடி எழுதி, அந்த நானூற்று ஒன்பது பேருக்கும் அனுப்பி முடிக்கும்போது மத்தியானம் மூன்று மணி. சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.