தொட விடவில்லை

"அங்கியே நில்லு. வழக்கம்போல எழுதிக்கிட்டுப் போ. அம்மிணி குளிச்சுட்டா."

வாசலில் மாமியார் பூவாத்தாள் சொன்னது, உள்ளே மடிக்கணினி முன் உட்கார்ந்திருந்த யோகப்பிரியாவின் காதில் விழுந்தது. 'வழக்கம்போல' என்ற சொல்லில் அவள் விரல்கள் நின்றன.

கேட்டுக்கு வெளியே நின்றவள் ருக்குமணி. இந்த எருத்தேன்பதி ஊரை ஒட்டிய காலனிக்காரி. கர்ப்பிணிகளின் வீடுகளுக்குப் போய் ரத்த அழுத்தம் பார்த்து, செல்போன் செயலியில் பதிவது அவள் வேலை. அந்தச் செயலியை உருவாக்கியவள் யோகப்பிரியா.

பத்து வருடம் மென்பொருள் எழுதியவள். யோகாசிரியர் பயிற்சியும் முடித்தவள். மருத்துவக் கருவி உடம்பை மட்டும் அளந்தால் போதாது, தூக்கம், சாப்பாடு, மனசு எல்லாவற்றையும் விசாரிக்க வேண்டும் என்று கொச்சிக் கம்பெனியில் வாதாடி ஜெயித்தாள். பதிந்த அழுத்தம் சரியாக இருந்தால் கர்ப்பிணியின் போன் திரையிலும் பச்சை வட்டம் வரும். பிறகு அவளுடைய குரலே மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்கும்.

முதலில் அதைப் பயன்படுத்தியவர்களில் ஒருத்தி, கொழுந்தன் கோபிநாத்தின் மனைவி மௌனிகா. எட்டாம் மாதத்தில் கால் வீங்கியது, தலை வலித்தது. "பச்சையாத்தான் காட்டுதுங்க்கா" என்று போனில் சிரித்தாள். "மெதுவா மூச்சை விடுங்க" என்ற குரலைக் கேட்டுக் கண்மூடிப் படுத்திருந்தாள். மூன்றாம் நாள் வலிப்பு. ஆஸ்பத்திரி சேருமுன் தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள். பல வாரமாக அழுத்தம் ஏறியிருக்க வேண்டும் என்றார் டாக்டர். பதிவில் எட்டு முறையும் 110/70.

ஒன்பது மாதம் யோகப்பிரியா தன் நிரலில் பிழை தேடினாள். கருவியைத் திரும்பத் திரும்பச் சோதித்தாள். எதுவும் கிடைக்கவில்லை. போன வாரம், தானே ஆறு மாதக் கர்ப்பிணியாக இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து, மதியங்களில் மௌனிகாவின் அறையிலிருந்து தன் குரல் கேட்பதுபோல இருக்கும். மெதுவா மூச்சை விடுங்க. எழுந்து போய்ப் பார்த்தால் வெறுங்கட்டில்.

அவள் வாசலுக்குப் போனாள்.

"என்ன வழக்கமுங்க்கா?"

ருக்குமணி தரையைப் பார்த்தாள். "அந்தப் புள்ளைக்கும் இங்க நின்னுதானுங்க அம்மிணி எழுதுனது. நான் தொட்டா மறுக்காக் குளிக்கோணும், மாசமா இருக்கறவ ரெண்டு தடவ குளிச்சாச் சளி புடிச்சுக்கும்னு பெரியம்மா சொல்லிப்போட்டாங்க. அந்தப் புள்ள கைய நீட்டிக்கிட்டுத்தான் வந்துச்சு."

"தொட உடலைன்னு எழுதியிருக்கலாமில்லீங்க?"

"எங்கீங்க எழுதறது? கட்டம் காலியா இருந்தா அடுத்த பக்கம் போகாதுங்களே. நல்ல நம்பர் இதுதான்னு சொல்லிக் குடுத்திருந்தாங்க. அதையே போட்டுட்டேனுங்க. பாவந்தானுங்க. அந்தப் புள்ள மொகம் என்னைய உடமாட்டீங்குது."

கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று விதித்தவள் யோகப்பிரியாதான். தரவு சுத்தமாக இருக்க வேண்டும் என்பது அன்று அவள் சொன்ன காரணம்.

கேட்டைத் திறந்தாள். "உள்ள வாங்க்கா."

"கண்ணு, ஊருல நாலு பேரு பாக்கறாங்க..." பூவாத்தாள் குறுக்கே வந்தாள்.

"மௌனிகாவ நீங்களும் நானும் சேந்துதான் கொன்னோமுங்க அத்தை. இன்னொருக்கா என்னால ஆகாதுங்க."

கூடத்து நாற்காலியில் ருக்குமணியை உட்காரவைத்துக் கையை நீட்டினாள். ருக்குமணி கருவியின் பட்டையை அதில் சுற்றினாள். பட்டை இறுகித் தளர்ந்தது. 142/94. சற்றுப் பொறுத்து மறுபடி பார்த்தாள். அதேதான்.

"இன்னைக்கே டாக்டர்கிட்டப் போயிருங்க அம்மிணி."

பூவாத்தாள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "அவளுக்கும் பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமா?"

யோகப்பிரியா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள்.

மாத்திரையில் அழுத்தம் இறங்கியது. யோகப்பிரியா செயலியில் புதிதாக ஒரு தேர்வைச் சேர்த்தாள்: 'தொட விடவில்லை.' ஒரே மாதத்தில் சுற்று ஊர்களில் முப்பத்தொன்பது வீடுகளுக்கு எதிரே அது பதிவாகியிருந்தது. அறிக்கையை அனுப்பிவிட்டு, இனி யாராவது கேள்வி கேட்பார்கள் என்று காத்திருந்தாள்.

மேலாளர் ஜிஜி கொச்சியிலிருந்து உற்சாகமாக அழைத்தாள்.

"நல்ல டேட்டா, பிரியா. தீர்வும் கிடைச்சாச்சு. அவங்களே கையில மாட்டிக்கற மெஷின். வீட்டுக்கு வீடு குடுக்கலாம். விளம்பரத்துக்கு உன் குரல்தான் வேணும். ஒரே வரி. 'உங்களை யாரும் தொட வேண்டியதில்லை.'"

"வீடு வீடாப் போறவங்க வேலை?"

"அதைப் பிறகு பார்க்கலாம்."

"அந்த வரியை நான் சொல்ல மாட்டேன், ஜிஜி."

"சரி, வேற யாராவது சொல்லுவாங்க."

சொன்னார்கள். அடுத்த மாதம் மெஷின் இந்த வீட்டுக்கும் வந்தது. பூவாத்தாள் அதற்குக் குங்குமம் வைத்தாள். "இனி ஒருத்தரையும் ஊட்டுக்குள்ள கூப்பிட வேண்டாம் கண்ணு. எத்தன நல்ல சாமான் பாரு."

வழக்கமாக வரும் புதன்கிழமை ருக்குமணி வரவில்லை. வேலை போயிருந்தது. யோகப்பிரியா மெஷினைப் பெட்டியோடு எடுத்துக்கொண்டு, ஊர் பார்க்க, ஒன்பது மாத வயிற்றோடு மெதுவாகக் காலனிக்கு நடந்தாள். ருக்குமணி வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். பிறகு பெட்டியைத் திறந்து அவளிடம் கொடுத்துவிட்டு, கையை நீட்டினாள்.

"கட்டி உடுங்க்கா."