கெட்லி வீட்டுத் தொலைபேசி

ஈரப் பஞ்சால் அப்பாவின் உதடுகளை லோர்னா தொட்டுக்கொண்டிருந்தபோது கூடத்தில் தொலைபேசி அடித்தது. விட்டுவிடலாம் என்று நினைத்தாள். அது நிற்பதாயில்லை. காலையில் நர்ஸ் வந்துபோன பிறகு அவள் காதில் வேறு மனிதக் குரலே விழவில்லை. போய் எடுத்தாள்.

"டெஸ்மண்ட் கெட்லி இருக்காரா? லட்லோவிலேர்ந்து வில்ஃப் பார்டோ பேசறேன். என் பழைய டிரையம்ஃப் காருக்குத் தண்ணி பம்ப் ஒண்ணு வேணும்."

"கடையை வித்து ஆறு வருஷம் ஆச்சுங்க."

"தெரியும்மா. வாங்கின கம்பெனியிலதான் முதல்ல கேட்டேன். டிரையம்ஃபுன்னா என்னன்னு ஃபோன் எடுத்த பொண்ணு திருப்பிக் கேக்குது."

லோர்னாவுக்குச் சிரிப்பு வந்தது. கம்பியில்லாத அந்தத் தொலைபேசியைக் கையோடு எடுத்துக்கொண்டு கட்டிலருகே வந்து உட்கார்ந்தாள். அப்பா வாயைத் திறந்து, விட்டுவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

அவர்கள் ஊரான ரெட்டிச்சில் பழைய கார்களுக்கு உதிரிப் பாகம் வேண்டுமென்றால் கெட்லியைக் கேள் என்பார்கள். எங்கும் கிடைக்காததை அப்பா டெஸ்மண்ட் வார்ப்பு அச்சு செய்து வார்த்து வாங்கி வைத்திருப்பார். ஒரு நாள் கடையை ஒரு பெரிய கம்பெனிக்கு விற்றார். எந்தச் சாமானையும் நிறுத்த மாட்டோம் என்று கைகுலுக்கி வாங்கிய அந்தக் கம்பெனியை, மறு வருஷமே லண்டன் முதலீட்டுக்காரர்கள் வாங்கிவிட்டார்கள். வருஷத்துக்கு நாலு பேர் கேட்கிற பம்பை அவர்கள் எதற்குச் செய்யப்போகிறார்கள்? அச்சுகள் பழைய இரும்பாகப் போயின. அதற்குப் பிறகு டெஸ்மண்ட் பழைய கார் வைத்திருப்பவர்களின் கிளப் பக்கம் போகவில்லை. அங்கிருந்தும் யாரும் வரவில்லை.

"கிளப்காரங்க எங்களையும் சேத்து வித்துட்டாரும்மா உங்கப்பா," என்றார் பார்டோ. "எப்படித்தான் மனசு வந்துதோ."

"கை நடுங்க ஆரம்பிச்சுடுச்சுங்க. ஒரு நட்டைக்கூடப் பிடிக்க முடியல. அதான் வித்தார்."



"யார்கிட்டயும் சொல்லலியேம்மா."

"என்கிட்டயே சொல்லல. இந்த வசந்தத்துல வந்து பாத்தப்பதான் தெரிஞ்சுது. டீயைப் பாதிக் கப்புதான் ஊத்திக் குடிச்சிட்டிருந்தார், சிந்தக் கூடாதுன்னு."

"இப்ப எப்படி இருக்கார்?"

"கடைசிதாங்க. நர்ஸ் இன்னிக்கோ நாளைக்கோன்னாங்க."

"இத முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? நான் பாட்டுக்குப் பம்புன்னு..." என்று இழுத்தார். "ஃபோனைக் காதுல வச்சா கேக்குமா அவருக்கு? பம்பு விஷயம் இல்ல. சும்மா ஒரு வார்த்தை."

"கேக்கும்னுதான் சொல்றாங்க."

தொலைபேசியை அப்பாவின் காதோடு ஒட்டிப் பிடித்தாள். "டெஸ், நான் வில்ஃப்," என்று கேட்டது. "வண்டி இன்னும் வச்சிருக்கேன். பச்சைதான். வேற கலர் அடிக்கல."

அப்பா ஒரு மூச்சு இழுத்தார். அடுத்த மூச்சுக்காக லோர்னா காத்திருந்தாள். ஜன்னலில் தூறல் வழிந்தது. போர்வைமேல், அவர் மார்பில் கையை வைத்துப் பார்த்தாள். வெகுநேரம் வைத்திருந்துவிட்டு, தொலைபேசியைத் தன் காதுக்குக் கொண்டுபோனாள்.

"கேட்டாராம்மா?"

"போயிட்டார்," என்றாள்.

"கூட யாரு இருக்கா?" என்றார் அவர்.

"யாருமில்ல."

"நாப்பது மைல்தான். வண்டி ஓடினா இப்பவே கிளம்பிடுவேன்." அதில் குற்றம் சொல்லும் தொனி இல்லை.

"டாக்டருக்குச் சொல்லணும்."

"சொல்லிக்கலாம். ஒண்ணும் அவசரமில்ல. நீயா வைக்கிற வரைக்கும் நான் வைக்க மாட்டேன்."

அவள் வைக்கவில்லை. அங்கே ஒரு நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. அவள் பார்த்தேயிராத அந்த வீட்டில் எங்கோ ஒரு நாய் கிண்ணத்திலிருந்து தண்ணீர் குடித்தது. அது நிதானமாகக் குடித்து முடிக்கும்வரை லோர்னா கேட்டுக்கொண்டிருந்தாள்.